மாமா விழுங்கிய மாத்திரை

என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எதையாவது நன்றாக இல்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சாம்பாரில் அக்கா உப்புப் போட மறந்திருப்பாள். நான் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவேன். மாமா பாட்டுக்குப் பிசைந்து தின்றுகொண்டிருப்பார். "எப்படிங்க கீது?" என்று அக்கா கேட்டால், "நல்லா கீது" என்பார். பருப்பு அடிப்பிடித்திருந்தாலும் நல்லா கீது. புதுச் செருப்பு கடித்துக் காலெல்லாம் கொப்புளமாக இருந்தாலும் நல்லா கீது. "இந்த மனுசன்கிட்ட ருசி கேக்கறதுக்கு அந்த ஆட்டுக்கல்லுகிட்ட கேக்கலாம்டா" என்று அக்கா என்னிடம் சலித்துக்கொள்வாள்.

அது அவர் சுபாவம். தொழிலும் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தது. அப்போது ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. அக்கா வீட்டில் இரண்டு இருந்தன, ஒன்றில் மாமா, பக்கத்தில் நான். பட்டுக் கடைக்காரர் பாவு கொடுப்பார். சேலையின் நீளவாட்டு இழைகள் மொத்தமும் அதில்தான் இருக்கும். அதைத் தறியில் ஏற்றி, நெய்து, அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. சில பாவு மகா மட்டமாக வந்து சேரும். மூச்சு விட்டாலே இழை அறுந்து போகும், கட்டிக் கட்டியே பொழுது போய்விடும். அதை எடுத்துக்கொண்டு போய் "இது சரியில்லைங்க" என்று கடையில் சொல்ல லேசில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் வேலை தெரியாதவன் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். மாமா ஒரு பாவைக்கூடத் திருப்பிக் கொடுத்தவர் இல்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். நானோ அவ்வப்போது திருப்பிக் கொடுத்துவிட்டுச் சண்டையும் போட்டுவிட்டு வருகிறவன். அதனால் கடையில் அவருக்கு நாற்காலி, எனக்கு வாசற்படி.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் அக்கா மாவாட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். மாமா தறியில் இருந்தபடியே பார்த்தார். அடுத்த வாரம் பஜாரில் பாத்திரக் கடை முன்னால் அவர் நிற்பதைக் கண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிரைண்டர் இருந்தது. மேடையில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் தானே அரைக்கிற புது மாதிரி. "இன்னா மாமா, வாங்கப் போறீங்களா?" என்றேன். "சும்மா பாத்தேன்" என்றார். நெய்கிற கூலியில் பாதி, கடைக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கே போய்க்கொண்டிருந்த காலம். சும்மா பார்க்கத்தான் முடியும்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் கலசப்பாக்கத்துக்காரர் ஒருவர். முன்பு எங்கள் தெருவில் நூல் வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர், பிறகு சென்னையில் லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போனவர். டீக்கடையில் உட்கார்ந்து அளந்தார்.

"மெட்ராசுல ஒரு எடம் கீதுபா. மாத்திரை குடுப்பாங்கோ, ரத்தம் எடுப்பாங்கோ. வேளைக்குச் சோறு போட்டு, டிவி போட்டுவுட்டு, போறப்போ கையில துட்டும் குடுப்பாங்கோ. நோவு நொடி இல்லாத உடம்பா இருக்கணும், அவ்ளோதான்."

"வேலை இன்னா செய்யணும்?" என்றார் மாமா.

"படுத்துகினு இருக்கணும். அதான் வேலை."

எனக்குச் சுருக்கென்றது. சும்மா படுத்திருக்கிறவனுக்கு எவன் கொடுப்பான் காசு? ஆனால் மாமா முகத்தைப் பார்த்தேன், அவர் ஏற்கனவே கிரைண்டர் சுவிட்சைப் போட்டுவிட்டார். இந்த மனிதரைத் தனியாக அனுப்பினால், கழுத்தை அறுத்தாலும் "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வருவார். நானும் வருகிறேன் என்றேன்.

அக்காவிடம், சென்னையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தறி போட்டு நெய்து காட்டப் போகிறோம் என்று சொன்னோம். பெரிய கடைகளில் அப்படிச் செய்வது உண்டு. அக்கா நம்பி, புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

சென்னையில் இறங்கிப் பார்த்தால், கலசப்பாக்கத்துக்காரர் சொன்ன அடையாளத்தில் நாலு தெரு இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தெரிந்ததும் மாமா நேரே வாட்ச்மேனிடம் போய், பணிவாக, "உடம்பக் குடுத்தா துட்டு குடுக்கிற எடம் இதுதாங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! வாட்ச்மேன் தடியை எடுத்துவிட்டான். "கிட்னி விக்க வந்தீங்களாடா? போலீசக் கூப்பிடவா?" என்று ஒரே சத்தம். நான் பதிலுக்கு எகிற, மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ரோட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் புளிச்சோற்றுப் பை ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. அப்போதும் சொல்கிறார், "நல்ல மனுசன்டா அவரு. ஜனங்க ஏமாறக் கூடாதுன்னுதான் கத்துறாரு."

விசாரித்து விசாரித்துக் கடைசியில் கண்டுபிடித்தோம். ஒரு மாடிக் கட்டிடம், மூக்குக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவுக்குச் சின்ன போர்டு. உள்ளே எங்களைப் போல ஒரு கூட்டம் வரிசையில் உட்கார்ந்திருந்தது. மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம், மூத்திரம் எல்லாம் ஆயிற்று. நான் தேறிவிட்டேன். மாமா எடை மெஷினில் ஏறினார், முள் அசைய யோசித்தது. "இன்னும் கொஞ்சம் சதை போட்டுகிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும் இருக்கலாம் என்றார்கள். வந்தால் இரண்டு பேராகத்தான் என்று சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒரு இட்லி வைத்தால் போதும் என்கிற மாமா, "இன்னும் ரெண்டு வையி" என்று கேட்க ஆரம்பித்தார். காலையில் இட்லி, ராத்திரி தோசை, நடுவில் வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணாலம் ஆன நாளா இல்லாத பசி, இப்பதான்டா என் கைப்பக்குவம் அவருக்குத் தெரிஞ்சிருக்குது" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். தோளைப் பிடித்துக்கொண்டே முன்னைவிட இரண்டு பங்கு மாவாட்டினாள். கிரைண்டர் வாங்கித் தருவதற்காக இவர் அவளை ஆட்டுக்கல்லிலேயே உட்கார வைத்துவிட்டார்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். மாமா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் சதை போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டாம் தடவை போனபோது மெஷின் முள் ஒழுங்காக ஏறியது. ஒரு அம்மா எங்களை உட்கார வைத்துத் தமிழில் எல்லாவற்றையும் விளக்கினார். இது கிருமிக்குக் கொடுக்கிற மாத்திரை, ஏற்கனவே கடையில் விற்பதுதான், இப்போது வேறொரு கம்பெனி செய்திருக்கிறது, இரண்டும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்போம் என்றார். "உடம்புக்கு என்ன பண்ணாலும் உடனே சொல்லணும். எப்ப வேணும்னாலும் நீங்க நிறுத்திட்டுப் போகலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம். புரிஞ்சுதா?"

மாமா பெரிதாகத் தலையாட்டினார். அந்த அம்மா அந்தப் பக்கம் போனதும் என் விலாவில் இடித்து, "எப்ப வேணும்னாலும் போலாமாம் மச்சான்! பாவு ஏத்திப்புட்டு எவனாவது பாதியில எழுந்து போவானா? சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றாங்கோ" என்றார்.

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்போது டீ இல்லாமல் மண்டை இடித்துக்கொண்டிருந்தது. டீ, காபி, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது என்று பையைக் கவிழ்த்துச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். எல்லாருக்கும் நம்பர் போட்ட ஒரே மாதிரி பனியன். வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, குளுகுளு காற்று. மாமாவுக்கு ஒரு கட்டில், பக்கத்துக் கட்டில் எனக்கு. வீட்டில் தறி எப்படியோ அப்படி. "ராஜா மாதிரி கீதுடா" என்று காலை நீட்டிப் படுத்தார். அவர் அப்படிப் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. பாவம், அதற்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாத்திரை. ஒவ்வொருவராக விழுங்கியதும் நர்ஸ் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தது. ஒளித்து வைக்கிறவர்கள் உண்டாம். கையில் ஊசிக் குழாய் செருகியே இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வந்து அதிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சண்டைப் படம்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் தற்செயலாகத் திரும்பினேன். மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தார். காது இரண்டும் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தது. போர்வைக்குள் கை பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. கொசு."

அந்தக் குளிரில் ஏது கொசு? அந்த நேரம் நர்ஸ் வந்தது, ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே. "அண்ணே, ஏதாவது பண்ணுதா?" மாமா போர்வையை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, "நல்லா கீறேங்க" என்றார். அது அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

எனக்கு வந்ததே கோபம். எட்டிப் போர்வையை இழுத்தேன். உதடு வீங்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"மாமா, சொல்லுங்க அவங்ககிட்ட."

"வேணாம்டா. இழுத்துப் புடிச்சா சரியாப் பூடும். அவங்கோ குடுத்த சரக்க நாம குறை சொல்றதா?"

"சரக்கா? யோவ், அது மாத்திரை!"

"அக்கா மேல ஆணை. வாயத் தொறக்காத."

அக்கா மேல ஆணையாம்! ஒரே ஒரு நொடி பயந்தேன் என்பது உண்மை. ஆனால் ஆணையை மீறினால் அக்காவுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், இந்த ஆளுக்கு ஏதாவது ஆவதைவிட மோசமாக அவளுக்கு என்ன ஆகிவிடும்? கட்டிலிலிருந்து குதித்து, ஊசிக் குழாயோடு கையை ஆட்டிக்கொண்டு, "டாக்டர்! யாராவது வாங்க! எங்க மாமா செத்துகினு கீறாரு!" என்று ஒரு கத்துக் கத்தினேன். டிவியில் போட்ட சண்டைச் சத்தம்கூட அமுங்கிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பறந்து வந்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டரம்மா ஓடி வந்து, மாமா தொடையில் ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டி, கட்டிலோடு தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். கதவை மூடிவிட்டார்கள். நான் வெளியில் நின்றேன். அந்தக் கதவு திறப்பதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது, தறி போட்டுக் காட்டப் போன மனிதருக்கு இப்படி ஆயிற்று என்று எப்படிச் சொல்வது. அழுகையை அடக்க முடியாமல் பனியனிலேயே மூக்கைத் துடைத்தேன். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், வையாமல், அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து எடுத்துக்கொண்டது. "பொழைச்சுகிட்டாருண்ணே, அழாதீங்க" என்றது.

உள்ளே விட்டபோது மாமாவின் உதடு வடிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று, கோபமும் பயமும் இன்னும் தெளியாத குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நர்ஸ் வந்து கேட்டாங்க இல்ல, ஏன் சொல்லல?"

"வந்த எடத்துல குறை சொல்லக் கூடாதுன்னுதாங்க."

"குறையா? ஐயோ, உங்க உடம்புல என்ன பண்ணுதுன்னு நீங்க சொல்லலைன்னா, நாளைக்கு இத வாங்கிச் சாப்பிடறவங்களுக்கு யாருங்க சொல்றது? இங்க உங்க வேலையே அதானே!"

மாமா திகைத்துப்போய்ப் பார்த்தார். "குறை சொல்றதா வேலை?"

"ஆமா. அதான் வேலை. அத மட்டும்தான் நீங்க செய்யல."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வேலை தெரியாதவர் என்று அவரை ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். டாக்டரம்மா பிறகு சாந்தமாகி, அந்த மருந்தின் பெயரையும் அதன் வகையறாவையும் எங்கள் இருவரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். "ஆயுசுக்கும் இது உங்களுக்கு ஆகாது. அடுத்த தடவை உடம்புக்குள்ள போனா இதைவிட வேகமா மூச்சடைக்கும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதச் சொல்லுங்க."

மாமாவை அதோடு நிறுத்திவிட்டார்கள். இருந்தவரைக்கும் உண்டான பணத்தை மரியாதையாகவே கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கம்பெனி மாத்திரைக்கு நான் இன்னொரு தடவை வர வேண்டியிருந்தது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அவர்களே சொன்னபடி நானும் நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேர் பணத்தையும் சேர்த்தாலும் கிரைண்டர் வராது. மாமா பஸ் ஸ்டாண்டில் அக்காவின் தோளுக்கு ஒரு தைலமும் அரைக் கிலோ அல்வாவும் வாங்கினார். ஆரணியில் இறங்கும்போது, "அக்காவுக்குத் தெரிய வேணாம் மச்சான். பயந்துக்குவா" என்றார். சரி என்றேன்.

அந்த மழைக்காலத்தில் தறியில் கால் வைக்கிற பள்ளத்தில் கிடந்த ஆணி மாமாவின் காலில் ஏறியது. வழக்கம்போல "ஒண்ணுமில்ல" என்று நெய்துகொண்டிருந்தார். கால் தூண் மாதிரி வீங்கி, காய்ச்சல் கொதிக்க ஆரம்பித்த பிறகு அக்காவும் நானும் அவரைப் பஜார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். கூட்டமான கூட்டம். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், மாமா பல்லைக் கடித்தார். "வலிக்குதா?" "இல்லீங்க." டாக்டர் கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார்.

அதே வகையறா. சென்னையில் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்களே, அதில் ஒன்று. மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் காதில் விழுந்திருந்தது. அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். அக்கா அவர் தோளில் கைவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நின்றாள். கம்பவுண்டர் மருந்தைக் குலுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை, கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். மாமா என் கையை அழுத்திப் பிடித்தார். இந்தத் தடவையும் அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார்" என்றார் மாமா. டாக்டர் காதில் விழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "சார், அந்த ஊசி எனக்கு ஒத்துக்காதுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "ஒத்துக்காதுன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

மாமா எல்லாவற்றையும் சொன்னார். கிரைண்டர் ஆசை, சென்னை, மாடிக் கட்டிடம், மாத்திரை, உதடு வீங்கியது, மூச்சு அடைத்தது, தொடையில் போட்ட ஊசி. தறி போட்டுக் காட்டப் போகவில்லை என்பதையும் சேர்த்து. அக்காவின் கை அவர் தோளிலிருந்து மெல்ல எடுபட்டது. டாக்டர் கம்பவுண்டரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினார். "சொன்னியே, புண்ணியவானே" என்றார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் அக்கா பிடித்துக்கொண்டாள். வாங்க போங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை அறியாதவள்.

"ஏன்யா, கிரைண்டர் கேட்டனாய்யா உன்ன நானு? மாவு ஆட்ட எனக்குக் கையி கீதுய்யா. உனக்கு மூச்சு நின்னா நான் எந்தக் கடையில போயி வாங்குவேன்?" என்று அவர் மார்பிலேயே இரண்டு அடி வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். என்னையும் விடவில்லை. "நீயும் கூட்டாடா பாவி" என்று தைல பாட்டிலை என் மேல் வீசினாள். மாமா வீங்கின காலோடு நின்றுகொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"இனிமே உடம்புக்கு எது ஒத்துக்கலைன்னாலும், மனசுக்கு எது புடிக்கலைன்னாலும் வாயத் தொறந்து சொல்லணும். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்து, மிளகு தட்டி ரசம் வைத்தாள். அவருக்கும் எனக்கும் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றாள். கேட்கவில்லை. மாமா ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அக்கா அப்படியே நின்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது என்று எனக்குத் தெரியவில்லை. "ஜாஸ்தியாங்க? நாளைக்குக் கொறைச்சுப் போடறேன், நாளைக்குக் கொறைச்சுப் போடறேன்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நானும் அதே ரசத்தைத்தான் தின்றுகொண்டிருந்தேன். புளி சரியாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவை நான் வாயைத் திறக்கவில்லை.